கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டும் ஆண் ஹார்மோனும்: லேப் ஜன்னலில் கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் 20 வருடத்துக்கும் மேலாக வேலை செய்கிறேன். நான் டாக்டர் இல்லை, லேப் டெக்னீஷியன். ரத்தம் எடுப்பது, பரிசோதிப்பது, ரிப்போர்ட் கொடுப்பது என் வேலை. மருந்து எழுதுவதும் நிறுத்துவதும் உங்கள் டாக்டரின் வேலை. ஆனால் ரிப்போர்ட்டை வாங்கிய கையோடு ஜன்னலில் நின்று சந்தேகம் கேட்பது எங்களிடம்தான். முன்பெல்லாம் கொலஸ்ட்ரால் மட்டும் பார்ப்பார்கள். இப்போது 35, 40 வயதுக்காரர்கள் பலர் டெஸ்டோஸ்டீரான் என்ற ஆண் ஹார்மோனையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள். அந்தக் கேள்விகளும், இத்தனை வருடத்தில் படித்தும் டாக்டர்களிடம் கேட்டும் நான் தெரிந்துகொண்ட பதில்களும் இங்கே இருக்கின்றன. பெரிய நோய் எதுவும் இல்லாத ஆண்களை மனதில் வைத்து எழுதியது.

கொலஸ்ட்ராலிலிருந்துதான் ஆண் ஹார்மோன் உண்டாகிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். விதைப்பைக்குள் லேடிக் செல்கள் என்று இருக்கின்றன. மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி உத்தரவு அனுப்பியதும், இந்தச் செல்கள் கொலஸ்ட்ராலை எடுத்துப் படிப்படியாக மாற்றி டெஸ்டோஸ்டீரானாக்குகின்றன. ஈஸ்ட்ரோஜன், கார்ட்டிசால் எல்லாவற்றுக்கும் மூலப்பொருள் இதே கொலஸ்ட்ரால்தான்.

ஆனால் அளவைப் பாருங்கள். ஆரோக்கியமான ஆணின் உடல் ஒரு நாளைக்குச் செய்யும் டெஸ்டோஸ்டீரான் 5 முதல் 7 மில்லிகிராம். அதே உடல் ஒரு நாளைக்குத் தானே தயாரித்துக்கொள்ளும் கொலஸ்ட்ரால் ஏறக்குறைய 1 கிராம், அதாவது 1,000 மில்லிகிராம். கிருஷ்ணகிரி அணையிலிருந்து ஒரு குடம் மொண்டால் அணையின் மட்டம் இறங்குமா? அணை ரொம்பி வழிந்தால்தான் குடம் பெரிதாகுமா? ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறுவதால் ஹார்மோன் கூடிவிடாது. எவ்வளவு செய்ய வேண்டும் என்று தீர்மானிப்பது பிட்யூட்டரியின் உத்தரவு, சரக்கின் இருப்பு அல்ல.

அப்படியானால் கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிட்டால் ஆண்மை குறையுமா?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் நேரம் ஒதுக்கிப் பதில் சொல்வேன். காரணம் இருக்கிறது.

பாலக்கோடு பக்கம் தக்காளி விவசாயி ஒருவர், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், எங்களிடம் தவறாமல் வருவார். எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 70-க்குள் நிற்கும். ஒருமுறை 160-ஐத் தாண்டிவிட்டது. கருவியில்தான் கோளாறோ என்று நானே இரண்டாம் முறை ஓட்டிப் பார்த்தேன். அதே எண். கேட்டால், "கொலஸ்ட்ரால் மாத்திரை ஆண்மையைக் கெடுக்கும்னு செல்போன்ல ஒருத்தர் சொன்னாருங்க, 3 மாசமா நிறுத்திட்டேன்" என்றார். டாக்டரிடம் கேட்கவில்லையா என்றால், "அதைப் போய் எப்படிங்க கேக்கறது" என்றார். அந்த வெட்கம்தான் எனக்குப் பயமாக இருந்தது. அன்றே அவரை டாக்டரிடம் திருப்பி அனுப்பினேன்.

ஸ்டேட்டின் வகை மாத்திரைகள் டெஸ்டோஸ்டீரானைச் சிறிதளவு குறைப்பதைச் சில ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் கண்டிருக்கிறார்கள். ஆனால் அது ஆள் உணரக்கூடிய அளவு இல்லை. ஒரே ஆளுக்குக் காலைக்கும் மாலைக்கும் இருக்கிற வித்தியாசமே அதைவிடப் பெரிது. லேடிக் செல்கள் ரத்தத்திலிருந்தும் கொலஸ்ட்ராலை எடுக்கும், தானாகவும் செய்துகொள்ளும். ஹார்மோன் சற்றே இறங்கினாலும் பிட்யூட்டரி உத்தரவைக் கூட்டிச் சமன் செய்துவிடும். ஸ்டென்ட் வைத்தவர் மாத்திரையை நிறுத்தினால் வரக்கூடிய ஆபத்தோ உயிருக்கே. இரண்டையும் ஒரே தராசில் வைக்கவே கூடாது.

ரிப்போர்ட்டில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

மொத்தக் கொலஸ்ட்ரால் 200-க்குள், எல்டிஎல் 100-க்குள் இருந்தால் நல்லது, ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 150-க்குள், எச்டிஎல் என்ற நல்ல கொலஸ்ட்ரால் ஆண்களுக்கு 40-க்கு மேல். எல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. சர்க்கரை நோயோ இதயக் கோளாறோ இருப்பவர்களுக்கு எல்டிஎல் இலக்கை டாக்டர் இன்னும் கீழே வைப்பார்.

எல்லோரும் மொத்தக் கொலஸ்ட்ராலை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்துவிடுகிறார்கள். நம் ஆட்களுக்கு வில்லங்கம் பெரும்பாலும் கடைசி இரண்டு எண்களில்தான். தமிழ்நாட்டையும் சேர்த்து இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) நடத்திய ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின் 2014-ஆம் ஆண்டு முடிவில், 72.3 சதவீதம் பேருக்கு எச்டிஎல் குறைவு, 29.5 சதவீதம் பேருக்கு ட்ரைகிளிசரைடு அதிகம். மொத்தக் கொலஸ்ட்ரால் அதிகமாக இருந்தவர்கள் 13.9 சதவீதம் மட்டுமே. ஆண் ஹார்மோனோடு நெருங்கிப் பின்னியிருப்பவையும் இதே இரண்டு எண்கள்தான், எச்டிஎல்லும் ட்ரைகிளிசரைடும்.

ஒரே வீட்டில் ஒரே சாப்பாடு. என் மனைவிக்கு எச்டிஎல் 52, எனக்கு 38. ஏன்?

இங்கேதான் ஹார்மோனின் கை நேரடியாகத் தெரிகிறது. சின்ன வயதில் பையனுக்கும் பெண்ணுக்கும் எச்டிஎல் ஏறக்குறைய ஒன்றுதான். மீசை முளைத்துக் குரல் உடைகிற வயதில் பையன்களுக்கு அது இறங்குகிறது. பெண்களுக்கு அப்படி இறங்குவதில்லை. பிறகு ஆயுசு முழுக்க ஆணுக்குச் சராசரியாக 10 மில்லிகிராம் அளவுக்குக் குறைவாகவே நிற்கிறது. டெஸ்டோஸ்டீரான் கல்லீரலில் உள்ள ஒரு லைப்பேஸ் என்சைமைத் தூண்டுகிறது; அது எச்டிஎல் துகள்களைச் சீக்கிரம் சிதைக்கிறது. ஆணுக்கு 40, பெண்ணுக்கு 50 என்று ரிப்போர்ட்டில் இரண்டு எல்லை போட்டிருப்பது இதனால்தான்.

அப்படியானால் டெஸ்டோஸ்டீரான் அதிகமுள்ள ஆணுக்கு எச்டிஎல் இன்னும் குறைவாக இருக்க வேண்டுமே?

இருக்க வேண்டும். ஆனால் ஆட்களை வரிசையாக நிறுத்தி அளந்தால் நேர்மாறாக வருகிறது! 1970-களின் கடைசியிலிருந்தே ஆரோக்கியமான ஆண்களிடம் பல நாடுகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். டெஸ்டோஸ்டீரான் அதிகமுள்ளவர்களுக்குச் சராசரியாக எச்டிஎல் அதிகம், ட்ரைகிளிசரைடு குறைவு. இந்தப் பக்கத்தை நான் எழுத உட்கார்ந்ததே இந்த முடிச்சுக்காகத்தான். விளம்பரக்காரர்கள் பிடித்துக்கொள்வது இதைத்தான்: "ஹார்மோன் ஏறினால் நல்ல கொலஸ்ட்ராலும் ஏறும், எனவே ஊசி போட்டுக்கொள்ளுங்கள்."

அது சரியா என்று சோதிக்க வேண்டுமானால், ஒரே ஆளுக்கு ஹார்மோனை மாற்றிப் பார்க்க வேண்டும். 1992-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் அதைத்தான் செய்தார்கள். ஆரோக்கியமான ஆண்களுக்கு மருந்து கொடுத்து, பிட்யூட்டரியின் உத்தரவைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். டெஸ்டோஸ்டீரான் விழுந்தது, எச்டிஎல் ஏறியது. இன்னொரு குழுவுக்கு அதே மருந்தோடு டெஸ்டோஸ்டீரானையும் வெளியிலிருந்து கொடுத்து அளவைப் பழையபடி வைத்தார்கள். அவர்களுக்கு எச்டிஎல் ஏறவில்லை. ஆக, டெஸ்டோஸ்டீரான் தன்னளவில் எச்டிஎல்லை அமுக்கத்தான் செய்கிறது.

பின்னே வரிசையில் நிறுத்தினால் ஏன் தலைகீழாக வருகிறது? நடுவில் தொப்பை நிற்கிறது. வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் ரத்தத்தில் கூடுகிறது. கல்லீரலில் கொழுப்பு படிகிறது. அந்தக் கல்லீரல் ட்ரைகிளிசரைடை அள்ளி வெளியே அனுப்புகிறது. ட்ரைகிளிசரைடு கூடினால் எச்டிஎல் தேய்கிறது. இது ஒரு பக்கம். அதே கல்லீரல், பாலின ஹார்மோனை ரத்தத்தில் தாங்கிச் செல்லும் எஸ்எச்பிஜி என்ற புரதத்தைக் குறைவாகச் செய்கிறது. தாங்கும் புரதம் குறைந்தால் டெஸ்டோஸ்டீரானின் மொத்த அளவும் இறங்குகிறது. தொப்பை அதிகமானால் பிட்யூட்டரியின் உத்தரவும் மந்தமாகிறது. ஒரே காரணம் இரண்டு தாளிலும் எண்ணைக் கெடுக்கிறது. நாம் இரண்டு தாளையும் பார்த்துவிட்டு, ஒன்றுதான் மற்றதைக் கெடுத்தது என்று நினைத்துக்கொள்கிறோம்.

இதைக் கண்ணால் பார்த்தவன் நான். சில வருடங்களுக்கு முன் மாங்காய் சீசனில், கிருஷ்ணகிரி மாம்பழக் கூழ் ஆலைகளுக்குப் பெங்களூரா ரக மாங்காய் லோடு ஏற்றிவரும் லாரி டிரைவர் ஒருவர் வந்தார். ராத்திரியெல்லாம் ஓட்டம், ரோட்டோரப் பரோட்டா, தூக்கம் வராமலிருக்கச் சர்க்கரை தூக்கலாக டீ. ரத்தத்தைச் சுழற்றும் மெஷினில் போட்டு எடுத்தால், மேலே தெளிந்து நிற்கும் சீரம் சாதாரணமாக வெளுத்த மஞ்சளாக, கண்ணாடி மாதிரி இருக்கும். குழாய்க்குப் பின்னால் விரல் வைத்தால் தெரியும். அவருடையது பசும்பால் மாதிரி வெள்ளையாக நின்றது. ட்ரைகிளிசரைடு 900-க்கு மேல். எச்டிஎல் 27. டெஸ்டோஸ்டீரான் டெசிலிட்டருக்கு 240 நானோகிராம். பெரியவர்களுக்கு 300-க்குக் கீழே போனால் குறைவு என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். குழாயை அவரிடமே காட்டினேன். "இது என் ரத்தமாங்க?" என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் அவருக்கு ஹார்மோன் ஊசி எழுதவில்லை. ட்ரைகிளிசரைடுக்கு மருந்து, சர்க்கரையும் பரோட்டாவும் நிறுத்தம், தினம் நடை. அடுத்த பொங்கலுக்கு வந்தபோது 9 கிலோ குறைந்திருந்தார். ட்ரைகிளிசரைடு 210, எச்டிஎல் 36, டெஸ்டோஸ்டீரான் 380. ஒரு சொட்டு ஹார்மோன் வெளியிலிருந்து போகவில்லை. சீரம் தெளிவாக இருந்தது. அதையும் அவருக்குக் காட்டினேன்.

ஆணுக்கு ஈஸ்ட்ரோஜன் எதற்கு? அது பெண் ஹார்மோன் ஆயிற்றே?

ஆணுக்கும் வேண்டும். டெஸ்டோஸ்டீரானில் ஒரு பகுதியை அரோமட்டேஸ் என்ற என்சைம் ஈஸ்ட்ராடியாலாக மாற்றுகிறது. கொழுப்புத் திசுவில் இந்த வேலை நிறைய நடக்கும். மாதவிலக்கு நின்ற பெண்ணைவிட வயதான ஆணின் ரத்தத்தில் ஈஸ்ட்ராடியால் அதிகமாக இருப்பது சர்வ சாதாரணம்.

பிறவியிலேயே இந்த அரோமட்டேஸ் வேலை செய்யாத ஆண்கள் சிலரை 1990-களில் கண்டறிந்தார்கள். டெஸ்டோஸ்டீரானுக்குக் குறைவில்லை, ஆனாலும் எலும்பு பலமில்லை, கொலஸ்ட்ரால் கணக்கும் கெட்டிருந்தது. 2013-இல் வெளியான இன்னோர் ஆய்வில் 20 முதல் 50 வயது ஆண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் உண்டாவதை மருந்தால் தடுத்துப் பார்த்தபோது உடலில் கொழுப்பு கூடியது. ஆணின் உடலில் கொழுப்பைக் கட்டுக்குள் வைப்பதில் ஈஸ்ட்ரோஜனுக்கும் பங்கு உண்டு.

சரி, அப்படியென்றால் ஈஸ்ட்ரோஜனையே மருந்தாகக் கொடுக்கலாமே என்று யோசித்துக் கொடுத்தும் பார்த்தார்கள். 1966-இல் அமெரிக்காவில் தொடங்கிய கரோனரி டிரக் புராஜெக்ட் ஆய்வு அது. மாரடைப்பு வந்து பிழைத்த 8,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் கலந்துகொண்டார்கள். கொடுக்கப்பட்ட மருந்துகளில் ஈஸ்ட்ரோஜனும் ஒன்று. பலன் கிடைக்கவில்லை, மாரடைப்பும் ரத்தக் கட்டும் கூடியதால் ஈஸ்ட்ரோஜன் கொடுப்பதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். ரிப்போர்ட்டில் ஓர் எண் அழகானால் ஆளுக்கு நல்லது நடந்துவிடும் என்று யாராவது சொன்னால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த ஆய்வுதான்.

ஜிம்மில் மாத்திரையும் ஊசியும் கொடுக்கிறார்கள். உடம்பு நன்றாக ஏறுகிறது. கொலஸ்ட்ராலுக்கு என்ன ஆகும்?

தம்பிமார்களே, இதைக் கவனமாகப் படியுங்கள். 1989-இல் வெளியான ஓர் ஆய்வில் பளு தூக்கும் 11 ஆண்களுக்கு 6 வாரம் ஸ்டானசோலால் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தினம் 6 மில்லிகிராம் கொடுத்தார்கள். வேறொரு 6 வாரம் வாரத்துக்கு 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டீரான் ஊசி. மாத்திரையில் எச்டிஎல் 33 சதவீதம் சரிந்தது, எல்டிஎல் 29 சதவீதம் ஏறியது. ஊசியில் எச்டிஎல் 9 சதவீதம் சரிந்தது, எல்டிஎல் 16 சதவீதம் குறைந்தது.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? வாய்வழிப் போகும் ஸ்டீராய்டு குடலிலிருந்து நேரே கல்லீரலில் போய் இறங்குகிறது. நான் முன்னால் சொன்ன லைப்பேஸ் என்சைமைக் கண்டபடி கிளப்பிவிடுகிறது. ஈஸ்ட்ராடியாலாகவும் அது மாறுவதில்லை. இதைப் படித்துவிட்டு ஊசி பரவாயில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஆய்வில் கொடுத்தது அளந்த மருந்து. ஜிம்மில் கொடுப்பது பல மடங்கு, பல சரக்குக் கலவை, லேபிளில் இருப்பதுதான் உள்ளே இருக்கிறதா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 23, 24 வயதுப் பையன்களின் ரிப்போர்ட்டில் எச்டிஎல் 15, 18 என்று வந்து நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்றும் உண்டு. வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் பிட்யூட்டரி தன் உத்தரவை நிறுத்திவிடும். விதைப்பை சுருங்கும், விந்தணு எண்ணிக்கை அடியோடு போகும். நிறுத்திய பிறகு பழைய நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். கல்யாணமான கையோடு விந்துப் பரிசோதனைக்கு வந்து நிற்கும் பையன்களைப் பார்க்கும்போது மனசு கனத்துப்போகிறது.

டாக்டரே டெஸ்டோஸ்டீரான் எழுதிக்கொடுத்தால்?

உண்மையாகவே குறைபாடு உள்ளவருக்கு அது சிகிச்சை. அதைக் குறை சொல்வதற்கில்லை. 2023-இல் வெளியான டிராவர்ஸ் ஆய்வில், டெஸ்டோஸ்டீரான் குறைந்து இதய நோயோ அதற்கான ஆபத்தோ இருந்த 45 முதல் 80 வயது வரையான 5,246 பேரில் ஒரு பாதிக்கு ஜெல் கொடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்புக் கோளாறு, நுரையீரலில் ரத்தக் கட்டு, சிறுநீரகப் பாதிப்பு சற்று அதிகம் தெரிந்தன. எனவே கொலஸ்ட்ராலோடு ஹீமோகுளோபின், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹிமாட்டோகிரிட் இரண்டையும் டாக்டர் சொல்லும் இடைவெளியில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹார்மோன் குறையாதவர் கொலஸ்ட்ராலுக்காக இதைத் தொட வேண்டியதே இல்லை.

களி சாப்பிட்டால் கொலஸ்ட்ரால் குறையுமா? முட்டை, நெய், மாம்பழம்?

நம் தாத்தாமார் சாப்பிட்ட கேழ்வரகுக் களி நல்ல சாப்பாடு. 100 கிராம் கேழ்வரகில் 11 கிராம் போல நார்ச்சத்து இருக்கிறது. ஆனால் தாத்தா களி தின்றுவிட்டுக் கடலைக் காட்டில் நாள் முழுக்க நின்றார். அதே இரண்டு உருண்டையைத் தின்றுவிட்டு நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்தால் அந்தப் பலன் வராது. ஓர் உருண்டை, கூட நிறைய கீரை, பருப்பு, அப்புறம் நடை.

முட்டை அளவோடு இருந்தால் பெரும்பாலோருக்குப் பிரச்சினை இல்லை. எண்ணெயைக் கவனியுங்கள். ரேஷன் பாமாயிலில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக நிறைவுற்ற கொழுப்பு. அது எல்டிஎல்லை ஏற்றும். கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். தினப்படிச் சமையலுக்குக் கடலை எண்ணெயே மேல், அதையும் அளந்து ஊற்றினால். நெய்க்கும் பாமாயில் கதைதான்.

மாம்பழத்தை விடச் சொல்லி நம் ஊரில் யாரிடமும் சொல்ல முடியாது, நானும் விடமாட்டேன். சாப்பாட்டுக்கு மேல் மூன்று பழம், அதன் மேல் ஒரு டம்ளர் ஜூஸ் என்று போகும்போதுதான் மிஞ்சும் சர்க்கரையில் ஒரு பகுதி கல்லீரலில் கொழுப்பாக மாறி ட்ரைகிளிசரைடாக வெளியே வருகிறது. மே, ஜூனில் எங்கள் லேபில் ட்ரைகிளிசரைடு ஏறுவதை வருடா வருடம் பார்க்கிறேன். பாதிப் பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள்.

ஓசூரில் நைட் ஷிஃப்ட் வேலை. அதனால் ஹார்மோன் குறையுமா?

தூக்கம் குறைந்தால் குறையும். டெஸ்டோஸ்டீரான் தூக்கத்தில்தான் ஏறுகிறது. 2011-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் ஆரோக்கியமான இளைஞர்கள் 10 பேரை ஒரு வாரம் இரவுக்கு 5 மணி நேரம் மட்டும் தூங்கவைத்தார்கள். பகல் நேர டெஸ்டோஸ்டீரான் 10 முதல் 15 சதவீதம் இறங்கியது. ஷிஃப்ட்டை மாற்ற முடியாது என்று தெரியும். பகலில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டு, போனை வேறு அறையில் வைத்துவிட்டு 7 மணி நேரம் தூங்க வீட்டாரிடம் பேசி வழி செய்துகொள்ளுங்கள்.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டால் கொலஸ்ட்ரால் ஏறும், ஆண்மை போகும் என்கிறார்களே?

இரண்டும் இல்லை. விந்தணு வரும் குழாயை மட்டும் அடைக்கிறார்கள்; ஹார்மோன் நேராக ரத்தத்தில் கலப்பது, அதற்கு அந்தக் குழாய் தேவையில்லை. 1970-களின் இறுதியில் குரங்குகளில் செய்த ஒரு சோதனை, ரத்தக் குழாயில் கொழுப்பு படிவது கூடுவதாகக் காட்டிப் பீதி கிளப்பியது உண்மை. பிறகு மனிதர்களில் பெரிய அளவில் ஆராய்ந்தபோது அது உறுதிப்படவில்லை.

எனக்கு விறைப்பு குறைகிறது. டெஸ்டோஸ்டீரான் நார்மல் என்று வந்துவிட்டது. அப்புறம் என்ன?

நல்ல கேள்வி கேட்டீர்கள். இதை வெளியே சொன்னதற்கே நன்றி சொல்ல வேண்டும். விறைப்பு என்பது ரத்தம் பாயும் விஷயம். ஆணுறுப்பின் ரத்தக் குழாய் 1, 2 மில்லிமீட்டர் அகலம்தான். இதயத்தின் குழாய் 3, 4 மில்லிமீட்டர். கொழுப்பும் சர்க்கரையும் பீடியும் குழாயின் உட்சுவரைக் கெடுக்கும்போது சின்னக் குழாய்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். மாரடைப்புக்குச் சில வருடங்கள் முன்பே விறைப்புக் குறை தொடங்கியிருந்தது என்று பலரிடம் கண்டிருக்கிறார்கள். எனவே பஸ் ஸ்டாண்ட் சுவரொட்டியில் இருக்கும் லேகியத்துக்குக் காசைக் கொடுக்காமல், அந்தக் காசில் லிப்பிட் புரொஃபைல் (கொலஸ்ட்ரால் பரிசோதனை), சர்க்கரை, பிரஷர் பாருங்கள். தாளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய், விறைப்பு விஷயத்தையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆகஸ்ட் 2021-இல் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அதை வீட்டுப் பெண்களுக்கு மட்டும் என்று விட்டுவிட்டு வெளியே போய்விடாதீர்கள்.

பீடி பிடிப்பவனுக்கு டெஸ்டோஸ்டீரான் அதிகமாமே?

புகைப்பவர்களிடம் சற்று அதிகமாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அதே ஆளுக்கு எச்டிஎல் குறைவு, குழாய் அடைப்பு அதிகம். அந்த ஹார்மோனால் அவருக்கு ஒரு லாபமும் இல்லை.

இரண்டு பரிசோதனைக்கும் எப்போது, எப்படி வர வேண்டும்?

காலை 7-லிருந்து 10 மணிக்குள், வெறும் வயிற்றில். முதல் நாள் இரவு 8 மணிக்குச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். தண்ணீர் குடிக்கலாம், டீ கூடாது. சர்க்கரை உள்ளே போனால் ட்ரைகிளிசரைடு ஏறும், டெஸ்டோஸ்டீரான் இறங்கும். நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வராதீர்கள், லீவு நாளில் நன்றாகத் தூங்கி எழுந்து வாருங்கள். காய்ச்சல் வந்திருந்தால் இரண்டு, மூன்று வாரம் கழியட்டும். முடி கொட்டுவதற்குப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள்; சில கருவிகளில் அது டெஸ்டோஸ்டீரானைப் பொய்யாக ஏற்றிக் காட்டும். முதல் முறை குறைவாக வந்தால் பதறாமல் வேறொரு நாள் காலையில் மறுபடி எடுங்கள். ஒரு ரிப்போர்ட்டை வைத்து எந்த நல்ல டாக்டரும் ஹார்மோன் எழுதமாட்டார்.

வரும்போது இடுப்பளவையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். தையல்காரர் டேப்பைக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் சுற்றி, மூச்சை விட்டபின் பாருங்கள். நம் ஆண்களுக்கு எல்லை 90 சென்டிமீட்டர். அதை நான் ரிப்போர்ட் உறையின் மேல் பேனாவால் எழுதிக்கொடுப்பேன், டாக்டர் கண்ணில் படட்டும் என்று.